கூட்டிப் பெருக்கிய தோப்பு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இதைப் பெரிய குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள். என் பிழைப்பே அப்படித்தான் இருந்தது என்று அவருக்கு எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில், செக்கிங் பிரிவில் வெகுகாலம் இருந்தவள் நான். கண்ணாடி மேசைக்கு அடியில் ட்யூப் லைட் எரியும், மேலே துணி ஓடும். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, குறுக்கே ஓடுகிற ஊடை விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் கண் பிடித்தாக வேண்டும். நல்ல துணியைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்வதற்கு அங்கே யாரும் சம்பளம் தருவதில்லை. ஓட்டையைத் தேடித் தேடி, மனுஷர்களைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஓட்டைதான் தெரிய ஆரம்பித்தது.

அவர் பட்டாளத்துக்காரர். எங்கள் சனத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பது அதிசயமில்லை. ஓய்வு பெற்று வந்தால் சிலர் பாங்குக்குக் காவலுக்குப் போவார்கள், சிலர் நிலத்தில் இறங்குவார்கள். இவர் நிலத்தில் இறங்கினார். கூமாப்பட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், என் அப்பா என் பேருக்கு எழுதிக் கொடுத்த தென்னந்தோப்பு இருக்கிறது. அதுவரைக்கும் குத்தகைக்காரர் கையில் மட்டையும் சருகும் களையுமாகக் கிடந்தது. இவர் முதல் நாள் உள்ளே போய், இடுப்பில் கை வைத்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, "இது தோப்பா, குப்பைமேடா?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். விழுந்த மட்டை மறுநாள் வரை கிடக்கக் கூடாது. பன்னாடை, சில்லாட்டை, காய்ந்த பாளை, எல்லாவற்றையும் வாரிக் கூட்டி ஒரு மூலையில் போட்டுக் கொளுத்துவார். மரத்துக்கு மரம் இடைவெளியில் டிராக்டரில் ரொட்டவேட்டரை மாட்டி விட்டு மண்ணை மாவாக்குவார். அது முடிந்து நாலு மழை பெய்து புல் தலைகாட்டினால் களைக்கொல்லி. வட்டப்பாத்திகளை மட்டம் வைத்ததுபோல் சீவி, வேர்ப்புழுவுக்கு என்று உரக்கடைக்காரர் தந்த மருந்தைக் கரைத்து ஊற்றி, யூரியாவும் பொட்டாஷும் வேளை தவறாமல் வைப்பார். இது போதாது என்று, பட்டாளத்தில் பழகின பழக்கம், மரங்களின் அடியில் காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை வேறு அடித்துவிட்டார். மரங்கள் வரிசை கட்டி நின்றன. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால், "மாப்பிள்ளை கையில விட்டாத் தென்னையும் சல்யூட் அடிக்கும்" என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் அதில் பாதிக்கு மேல் பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேறு எந்த வேலையிலும் அவரை நம்பாதவள், சுத்தத்தில் மட்டும் நம்பினேன்.

பக்கத்து நிலத்துக்காரி எங்களுக்கு நேர் எதிர். தெலுங்கு பேசுகிற வீடு. அவள் புருஷன் லாரி ஓட்டப் போய்விடுவார். ஒற்றை ஆளாய் அவளுக்குக் களை வெட்ட நேரமிருக்காது, கூலி ஆள் விடவும் தெம்பிருக்காது. கத்திரியோடு தட்டைப்பயறு, பயறோடு அகத்தி, நடுவில் நாலு ஆடு. அறுத்த செடியை அறுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவள் வரப்பில் நடந்தால் காலில் எது ஏறும் என்று சொல்ல முடியாது. "சோம்பேறி முண்டம்" என்று இவர் பல்லைக் கடிப்பார். நானும் ஒத்துப் பாடினேன்.

ஆனால் சில வருஷமாகத் தோப்பு சரியில்லை. குரும்பை கொட்டியது. காய் சிறுத்தது. வெட்டுக்காரர் மேலேயிருந்து போடுகிற குலையில் பாதி பருப்பில்லாத ஒல்லிக்காய். இவர் உரத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட ஓலை மட்டும் கொஞ்ச நாள் கறுத்து, பொறவு மறுபடி வெளுத்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் பாத்தியில் தேங்கி நின்று, வெயில் வந்ததும் மேல்மண் பாளம் பாளமாக வெடித்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் யாரோ எங்கள் பக்கத்து ஆற்றையும் மலையையும் செல்போனில் படம் பிடித்துச் சொர்க்கம் என்று போட்டுவிட்டார்கள். சனம் கார் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. கூடவே நிலம் கேட்டு ஆட்கள். எல்லாருக்கும் மலை தெரிகிற இடமாக வேண்டும். எங்கள் தோப்பிலிருந்து மலை நன்றாகவே தெரியும். இவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலத் தரகு பார்க்கிறார். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். மறு வாரமே இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏட்டி, அந்த மண்ணு செத்துப் போச்சு. இனி என்னத்தைக் கொட்டினாலும் வெளங்காது. கொடுத்துருவோமா?"

எனக்குச் சுருக்கென்றது. கொடுக்க வேண்டுமென்றால் கையெழுத்து நான்தான் போட வேண்டும். என் அப்பா கொடுத்ததில் மிச்சம் அந்தத் தோப்பு ஒன்றுதான். நகை எப்போதோ போய்விட்டது. மண் சாகுமா? மனுஷன் சாவான், மாடு சாகும். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போன ஏழாம் நாள் மண் செத்துப்போகிறதென்றால், அதில் எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரியாதா?

"செத்ததை நீங்க பார்த்தீகளாக்கும்" என்றேன்.

"விவசாயம் பாக்கிறவன் எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். தரகு பாக்கிறவரு சொல்லித் தெரிஞ்சிருக்கும்."

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். கோபம் வந்தால் பேசாமல் போவது அவர் வழக்கம். பேசாமல் போகிறவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அந்த ஆடியில் வத்திராயிருப்பில் விவசாய ஆபீஸ் சார்பில் ஒரு கூட்டம் போட்டார்கள். வயசு குறைவான ஓர் அதிகாரி வந்து பேசினார். கடைசியில் ஏதோ பாட்டிலை எடுத்து விற்கப் போகிறார் என்று காத்திருந்தேன். விற்கவில்லை. அதனால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் சொன்னது காதில் தங்கிவிட்டது.

"ஒரு கை மண்ணுக்குள்ள எண்ண முடியாத உசுரு இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. சருகைத் தின்னு, செத்த வேரைத் தின்னு, அதை மரத்துக்குச் சோறா ஆக்கிக் குடுக்கிறது அதுகதான். அதுலயும் ஒரே சாதி இருந்தாப் பத்தாது. ஒண்ணு பச்சையைத் தின்னும், ஒண்ணு நாரை அறுக்கும், ஒண்ணு மிச்சத்தைத் தின்னும். பல சாதி இருந்தாத்தான் வேலை நடக்கும். நாம என்ன செய்யறோம்? மேல கெடக்கிற தீனியைக் கொளுத்திட்டு, உள்ள இருக்கிற வீட்டை ரொட்டவேட்டரால கலைச்சுட்டு, மருந்தையும் ஊத்திட்டு, உர உப்பை மட்டும் வைக்கிறோம்."

பின்னால் இருந்த ஒருவர், "அப்ப நெலத்துல குப்பையைச் சேத்து வைக்கச் சொல்லுதீகளா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார்.

"மண்ணு உசுரோட இருக்கான்னு பாக்கணுமா? லேப்பெல்லாம் வேண்டாம். நல்ல பருத்தித் துணி ஒண்ணை அரை முழ ஆழத்துல புதைச்சு வைங்க. ரெண்டு மாசம் கழிச்சு எடுங்க. துணி போயிருந்தா மண்ணு உசுரோட இருக்கு. துணி அப்படியே இருந்தா..." என்று கையை விரித்தார்.

எனக்கு அன்று சாயங்காலமே வழி தெரிந்துவிட்டது. துணியா? துணி என் சாம்ராஜ்யம். தோப்பில் துணியைப் புதைப்பேன். மண் தின்றுவிடும். தின்ற துணியை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டி, இப்போ சொல்லுங்க செத்த மண்ணு எது என்று கேட்பேன். தரகு வேலை அதோடு முடியும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பழைய கம்பெனியில் சொல்லி, கலப்பில்லாத பருத்தியில் நெய்த துணி கொஞ்சம் வாங்கினேன். மூன்று துண்டாக வெட்டி ஓரத்தை மடித்துப் பாலியெஸ்டர் நூலால் தைத்தேன். அந்த நூலை மண் தின்னாது, துணி போனாலும் இடம் தெரியும். இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு துண்டிலும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு இழையை உருவிவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். அது அங்கே இருப்பது தெரியாதவர் கண்ணுக்குப் படாது. ஒருவேளை இவர் மோப்பம் பிடித்து, துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி வைத்தால்? வைக்கக்கூடியவர்தான். அப்படி வைத்தால் பிடித்துவிடலாமே என்றுதான்.

அவர் பென்ஷன் வேலையாக விருதுநகர் போன ஒரு நாளில் காரியத்தை முடித்தேன். ஒரு துண்டு தோப்புக்கு நடுவே ஒரு மரத்தின் பாத்தியில். இன்னொன்று புற்று இருக்கிற வடமேற்கு மூலையில். அந்த மூலையில் மட்டும் இவர் கை வைத்ததில்லை. நாகம்மாள் குடியிருக்கிற இடம் என்று, சுற்றியுள்ள நாலு மரத்தடியில் கூட்டுவது கிடையாது, மருந்து கிடையாது, ரொட்டவேட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு சூடம், அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் மற்ற மரங்களுக்குப் போகிற அதே குழாயில் போகும். மூன்றாவது துண்டைப் பக்கத்துக்காரி நிலத்தில் புதைக்க அவளிடம் கேட்க வேண்டியிருந்தது.

"ஏமிக்கா, துணியை நட்டா துணி மொளைக்குமா?" என்று சிரித்தாள். ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என்கூடவே தோப்புக்கும் வந்து குழி வெட்டிக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் வாங்கினாலும் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

பொறவு ரெண்டு மூணு நாள் போயிருக்கும். இவர் நடவடிக்கை மாறியது. காலையில் போய் மத்தியானம் திரும்புகிறவர், சாயங்காலமும் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். எதற்கு என்றால், "சும்மாதான்" என்பார். பக்கத்துக்காரி எங்கள் தோப்பு வழியாகத்தான் ரோட்டுக்குப் போவாள், வெகுகாலப் பழக்கம். திடீரென்று முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். "அவ ஆடு ஓலையைக் கடிக்குது" என்றார். அவள் ஆடு நேற்றா கடிக்க ஆரம்பித்தது? அவள் எதிரே வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி விஷயத்தை அவள் இவரிடம் உளறிவிட்டாள், இருவரும் என்னிடம் நடிக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். அவளிடம் போய்க் கேட்டேன். "அம்மா தல்லி, நான் யார்ட்ட சொன்னேன்?" என்று கண்ணைக் கசக்கினாள். அழுகையிலும் எனக்குச் சந்தேகம்தான்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறேன் என்றார். எங்கள் ஊர்ச் சனம் முழுக்க அன்று அந்த மலையடிவாரத்தில்தான் நிற்கும். ஆனால் கூட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷன் அவர். கல்யாணமான நாள் முதல் நான் கெஞ்சியும் ஒரு புரட்டாசிச் சனிக்கும் வராதவர், குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு விடியும் முன்னே பஸ் ஏறிவிட்டார். தரகரைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் துளசியும் ஒரு பாட்டில் தண்ணீருமாக வந்தார். தீர்த்தமாம். அவர் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். துளசி வாசனைதான் அடித்தது. மறுநாள் காலை பாட்டிலைத் தோப்புக்கு எடுத்துப் போனார். திரும்பி வரும்போது கையில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி அதே பேச்சு. இந்தத் தடவை கெஞ்சலாக.

"கொடுத்துருவோம் ஏட்டி. அந்த எடம் நமக்கு ஆகாது. சொன்னாக் கேளு."

"ஏன் ஆகாது?"

"கேக்காத. ஆகாது."

முன்னே மண் செத்துவிட்டது என்றவர் இப்போது இடம் ஆகாது என்கிறார். பேச்சு மாறினால் அங்கே பொய் இருக்கிறது என்று அர்த்தம். கம்பெனியில் ஒரே பீஸுக்கு இரண்டு காரணம் சொல்கிறவனை அப்படித்தான் பிடிப்போம். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் தோண்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சாட்சி வேண்டும் என்பதற்காகப் பக்கத்துக்காரியையும் கூப்பிட்டேன். இவரிடம், "வாங்க, உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்று மட்டும் சொன்னேன். அவளை அங்கே பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மாட்டினார் என்று நினைத்தேன்.

முதலில் அவள் நிலம். அவளே தோண்டினாள். மண் பொலபொலவென்று வந்தது, மண்புழு வேறு நெளிந்தது. துணியைக் காணோம். தைத்த நூல் மட்டும் சதுரமாக, அதில் அங்கங்கே சிலந்தி வலை மாதிரி கொஞ்சம் நைந்த இழை. "அய்யய்யோ, எம்மண்ணு துணியத் தின்னுருச்சுக்கா!" என்று அவள் பதறினாள், ஏதோ அவள் திருடிவிட்டதுபோல.

இவர் கொஞ்சம் தள்ளி நின்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன துணி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நேரே தோப்புக்கு நடந்தேன். அந்த மரத்தைக் காட்டி, "இங்க தோண்டுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அங்க வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். ஏட்டி, தொடாத! கை வைக்காத!"

கத்தினார். கல்யாணமான நாள் முதல் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நான் மண்வெட்டியை வாங்கி ஓங்கி வெட்டினேன். மண் பாறை மாதிரி இருந்தது. நாலு வெட்டில் ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. குங்குமம் தடவின எலுமிச்சம்பழம். மண்ணுக்குள் கிடந்தது அழுகவில்லை, காய்ந்து சுக்காகிக் கிடந்தது. அதற்குக் கீழே என் துணி. வைத்த மடிப்பு கலையாமல், கொஞ்சம் பழுப்பேறி, முழுசாக.

பக்கத்துக்காரி பின்னால் நகர்ந்தாள். எனக்கும் முதலில் பயம்தான். அப்புறம் கோபம் வந்தது.

"மாத்திட்டீக!" என்றேன். "எந்துணியை எடுத்துட்டு வேற வச்சிருக்கீக. எலுமிச்சம்பழம் வச்சு என்னையப் பயமுறுத்துதீகளா? தோப்ப விக்கிறதுக்கு எம்புட்டு நாடகம்!"

அவர் என்னையே பார்த்தார். "ஒந்துணியா?" என்றார். "இது நீ வச்சதா?"

நான் துணியை உதறி வெயிலில் பிடித்தேன். மயிரிழைக் கோடு, நான் உருவின இடத்தில், அப்படியே இருந்தது. வேறு துணி இல்லை. என் துணிதான். இரண்டு மாசத்துக்கு மேல் மண்ணில் கிடந்து, அதில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அந்தக் கோட்டை மட்டும் விட்டால், செக்கிங் மேசையில் பாஸாகிப் போய்விடும்.  அவர் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் பொய் என்றால் மண் உயிரோடு இருந்திருக்கும்.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவ்வளவு சுத்தமாகக் கூட்டி வைத்த பாத்தியில் யாரோ வெட்டி மூடிய தடம் இருந்தால் அவர் கண்ணில் படாதா? பட்டிருக்கிறது. தோண்டியிருக்கிறார். மடித்த வெள்ளைத் துணி. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் நிலத்தில் மடித்த துணி புதைந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், குடி கெட யாரோ வைத்திருக்கிறார்கள். பாத்தி ஓரத்தில் பக்கத்துக்காரியின் ரப்பர் செருப்புத் தடம் இருந்திருக்கிறது. கான்சாபுரத்துப் பக்கம் குறி சொல்கிறவர் ஒருவரிடம் போயிருக்கிறார். தொடக் கூடாது, மேலே எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டுப் போடு, பெருமாள் தீர்த்தம் ஊற்று என்று குறிகாரர் சொல்ல, இவர் அத்தனையும் செய்திருக்கிறார். நான் பயந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை. சாயங்காலமெல்லாம் போய் அந்த மரத்தைத் தூரத்திலிருந்து காவல் காத்திருக்கிறார்.

"அண்ணே, நானா வப்பேன்? ஒங்க தோப்புக்கா?" என்று அவள் கேட்டாள். இந்தத் தடவை அவள் அழுததை நான் நம்பினேன். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா நெனச்சுட்டேன்மா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். அதிகாரி சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன், துணி எதற்கு, அது இப்படி முழுசாக இருந்தால் என்ன அர்த்தம் என்று. 

அவர் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப யாருமே வைக்கலையா?"

அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. யாராவது வைத்திருந்தால் தேவலை என்பதுபோல் கேட்டார். காய் சிறுத்ததுக்கும் குரும்பை கொட்டினதுக்கும் ஒரு கெட்டவன் இருக்கிறான் என்று இரண்டு மாசமாக நிம்மதியாக இருந்திருக்கிறார். எனக்கு அவர் கெட்டவராக இருந்தார், அவருக்கு அவள். எங்கள் இரண்டு பேர் சந்தேகத்துக்கும் நடுவில் மண்ணை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். புற்று மூலைக்குப் போனோம். முழங்கால் உயரத்துக்கு மட்டையும் சருகும். கையால் விலக்கினாலே கீழே மண் ஈரமாக, கறுப்பாக, மழை வாசனையோடு இருந்தது. வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை நூல் சருகோடு சருகைத் தைத்திருந்தது. மண்வெட்டி வேண்டியிருக்கவில்லை. என் பாலியெஸ்டர் நூல் மட்டும் கையோடு வந்தது. அதே தோப்பு மரம், அதே நிலம், அதே தண்ணீர்.

"நாகம்மா எடம்ல, அதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அண்ணாந்து அந்த நாலு மரத்தையும் பார்த்தார். நானும் பார்த்தேன். குலைகள் மட்டையை அழுத்திக்கொண்டு தொங்கின. அத்தனை வருஷம் அங்கே காய் நன்றாக இருந்ததற்கும் சாமியைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தோம்.

"நாந்தான் கொன்னுருக்கேன்" என்றார். "பெத்த பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரிப் பாத்தேனே ஏட்டி."

அது உண்மை. விடியக்காலையில் எழுந்து, முதுகு வலியோடு, ஒரு சருகு விடாமல் பெருக்கினவர். சோம்பேறியாக இருந்திருந்தால் தோப்பு பிழைத்திருக்கும்.  ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்துக்காரி, "இங்க இருக்கிற மண்ணைக் கூடையில அள்ளி அந்த மரத்துக்கெல்லாம் போட்டா என்ன அண்ணே? பாலுக்கு ஒற ஊத்துறாப்புல?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகொரு நாள் அதிகாரியிடம் கேட்டபோது, அப்படியும் செய்யலாம், ஆனால் மேலே சருகு கிடந்து, மருந்தை நிறுத்தினால்தான் அது தங்கும், அதுவும் வருஷக்கணக்கில் ஆகும் என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அவர் செல் அடித்தது. தரகர். இவர் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னண்ணே, வீட்டுல பேசுனீகளா? கையெழுத்துப் போடுவாகளா? பார்ட்டி நாளைக்கு நேர்ல வாரேங்கிறாக."

இவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்த மண்ணு செத்துக் கெடக்கு. இப்பத்தான் கண்ணால பாத்தேன். ஒண்ணும் வெளையாது. இதைப் போயி எப்படி இன்னொருத்தர் தலையில கட்டுறது?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அட, நீங்க ஒண்ணு. அவுக தேங்காயா வெட்டப் போறாக? ரூம்பு கட்டி விடப் போறாக. மண்ணு செத்தா அவுகளுக்கு நல்லதுண்ணே. புழு பூச்சி வராது. சொல்லப்போனா நீங்க வேலையப் பாதி முடிச்சே குடுக்கீக."

 செல்லைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கத்தான் கையை நீட்டினேன். அதற்குள் இவரே அணைத்துவிட்டார். அணைத்து, சட்டைப் பையில் போட்டு, போட்டது சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்தார்.  செல் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

பக்கத்துக்காரி அவள் ஆட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தாள். அவள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு இவர் சொன்னார்:

"கையெழுத்துப் போடாத, என்ன?"

நிலம் என் பேரில் இருக்கிறது, போடாமல் இருப்பதற்கு உங்கள் உத்தரவு எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா சொல்லுதேன். அடுத்த வருசமும் காய் வராது, அதுக்கு அடுத்த வருசமும் வராது. எனக்குப் பொறுமை கிடையாது, ஒனக்கே தெரியும். கோவத்துல நானே வந்து ஓங்காலப் பிடிச்சுக் கேட்டாலும் போடாத. என்னைய நம்பாத ஏட்டி."

"நம்ப மாட்டேன்" என்றேன்.